அன்றாட உணவும் அதனுள் அமைந்த நான்கும்



திபேரியாக் கடலருகே ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். அன்று ஒரு சிறுவனிடம் இருந்தவை வாற்கோதுமை அப்பங்கள் ஐந்தும் மீன்கள் இரண்டுமே. இன்றைய உயிரியல் அறிவோடு நோக்கினால், அந்த எளிய உணவில் மாவுப்பொருளும் புரதமும் இணைந்தே இருந்தன என்பது புலனாகும். இவற்றோடு கொழுப்பும் உட்கரு அமிலமும் சேர நான்காகும். புல் முதல் மனிதன் வரை உயிருள்ள யாவற்றிலும் இந்நான்கும் உள்ளன.

செபமாலையில் மணிகள் கோக்கப்பட்டிருப்பதுபோல, சிறு மூலக்கூறுகள் பல நீளக் கோக்கப்பட்டுப் பெரு மூலக்கூறு உண்டாகிறது. கொழுப்பு மட்டும் இவ்வாறு நீண்ட கோவையாவதில்லை; ஆயினும் அதன் இன்றியமையாமை கருதி மற்ற மூன்றோடும் வைத்து எண்ணப்படுகிறது.

அரிசி, கேழ்வரகு, மரவள்ளிக் கிழங்கு ஆகியவற்றின் மாவில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையே மணியாக அமைந்துள்ளது. உடல் அதைப் பிரித்து உழைப்புக்குரிய ஆற்றலைப் பெறுகிறது. வைக்கோலின் செல்லுலோசும் அதே குளுக்கோஸால் ஆனதே. எனினும் மணிகள் இணைந்துள்ள முறை வேறானமையால் அது நமக்குச் செரிப்பதில்லை. பசுவுக்கோ, அதன் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் செரிக்க உதவுகின்றன.

கொழுப்பு, சேமித்து வைக்கும் ஆற்றல். ஒரு கிராம் மாவுப்பொருள் ஏறத்தாழ 4 கலோரி தருமெனில், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்து காக்கும் மெல்லிய சவ்வும் பெரும்பாலும் கொழுப்பினத்தாலும் புரதத்தாலும் ஆனதே.

பெற்றோரின் சாயல் பிள்ளைகளிடம் தோன்றுவதற்குக் காரணம் உட்கரு அமிலம். புரூண் நகரின் அகுஸ்தீன் சபைத் துறவியான கிரகோர் மெண்டல், மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்துப் பாரம்பரியத்தின் விதிகளைக் கண்டு 1866-இல் வெளியிட்டார். அவ்விதிகளுக்கு அடிப்படையான டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவம் 1953-இல் தெளிவாயிற்று. எந்தப் புரதத்தை எவ்வாறு கோக்க வேண்டும் என்னும் கட்டளை அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

இனி, குடும்பத் தலைவியரும் தலைவரும் சிறப்பாகக் கருத்திற் கொள்ள வேண்டியது புரதமே. மூச்சுக் காற்றின் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபின், சர்க்கரையை அடக்கும் இன்சுலின், நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் ஆகிய அனைத்தும் புரதங்களே. தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொலாஜன் என்னும் புரதம், முப்புரிக் கயிறு போன்ற அமைப்புடையது என்பதைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் எடுத்துரைத்தனர்.

புரதத்தின் மணிகள் இருபது வகை அமினோ அமிலங்கள். அவற்றுள் ஒன்பதை நம் உடலால் ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும். அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டையும் சேர்த்து உண்டால் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கும். இட்லியும் வெண்பொங்கலும் அத்தகைய நல்ல சேர்க்கைகள். விலை மிகுந்த ஊட்டப்பொடிகளைத் தேடவேண்டியதில்லை. பயறு, நிலக்கடலை, முட்டை, சிறுமீன் ஆகியவை போதும். தவக்காலத்தில் புலால் தவிர்ப்போர் பயற்றை மறவாதிருப்பார்களாக.

மாவையும் கொழுப்பையும் போலப் புரதத்தை உடல் தனியே சேமித்து வைப்பதில்லை. நாள்தோறும் அது கிடைக்கவேண்டும். கிடைக்காவிடின் தன் தசையையே உடல் கரைக்கத் தொடங்கும். வளரும் குழந்தைக்கும், கருவுற்ற தாய்க்கும், பாலூட்டும் அன்னைக்கும் தேவை இன்னும் மிகுதி. ஆனால் நம் இல்லங்கள் பலவற்றில் நடப்பது என்ன? மீன் துண்டும் முட்டையும் ஆண்களின் இலைக்குச் சென்றபின், எஞ்சிய சோறும் குழம்பும் தாய்க்கும் பெண்மக்களுக்கும் வாய்க்கின்றன. வயிறு நிறைகிறது, உடலோ வாடுகிறது. இதைத் தியாகம் என்று புகழ்வது முறையன்று. பங்கீட்டில் நேர்ந்த அநீதி என்றே சொல்லவேண்டும்.

பரலோக மந்திரத்தில் அன்றாட உணவை நாம் தனித்தனியே நமக்கு மட்டும் கேட்பதில்லை, எல்லாருக்குமாகவே கேட்கிறோம். அச்செபத்தைச் சொல்லி உண்ண அமரும் குடும்பங்களில், தாயும் மகளும் உடனமர்ந்து சமமாய் உண்ணும் வழக்கம் இன்றிரவே தொடங்கட்டும்.