பக்கத்து ஊருக்குச் சுற்று வழி

ஒரு கேள்வி ஸார். சென்னையிலிருந்து எது பக்கம்... மதுரையா, யாழ்ப்பாணமா?

“மதுரைதான். இதுல என்ன சந்தேகம்?” என்று ஆபீஸில் பக்கத்து ஸீட்காரர் சிரிப்பார். டீக்குப் பந்தயம் கட்டிவிட்டு, மேப்பையும் ஸ்கேலையும் எடுங்கள். மீனம்பாக்கத்திலிருந்து மதுரை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 420 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துப் பலாலி சுமார் 355தான்! டீயோடு ஒரு வடையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் பி.காம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் வரும் என்பது வரைக்கும் தெரியும். இந்த ரூட்டில் அந்தக் கணக்கும் ரொம்ப நாள் பலிக்கவில்லை.

1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாக நம்ம ஊருக்குத்தான் வந்தது. பிறகு யுத்தம். பலாலி ராணுவ தளமானது. நேர் வழி அடைபட்டது. யாழ்ப்பாணம் போக வேண்டுமா? சுமார் 640 கிலோமீட்டர் பறந்து கொழும்பில் இறங்கணும். அங்கிருந்து, பாதை திறந்திருந்தால், ரோட்டில் 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வரணும். மயிலாப்பூரிலிருந்து பாண்டி பஜாருக்குத் தாம்பரம் சுற்றிப் போகிற மாதிரி!

அடையாறில் எங்கள் எதிர் போர்ஷனில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் குடியிருந்தார். ‘அண்ணை’ என்றுதான் கூப்பிடுவேன். 2014-ல் ஒரு விடியற்காலை அவருக்குப் போன். ஊரில் அம்மா தவறிவிட்டார். டிக்கெட் கிடைத்தது மறுநாளுக்கு. கொழும்பில் இறங்கி, ராத்திரி பஸ் பிடித்து வீடு சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக் கொண்டிருந்தார்களாம்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தவர் அழவில்லை. “பிளேன் எங்கட வீட்டுக்கு மேலாலதான் போயிருக்கும், தம்பி” என்றார். அவ்வளவுதான். மேப்பில் கோடு போட்டுப் பார்த்தேன். சென்னை - கொழும்பு நேர்கோடு யாழ்ப்பாணத்தை உரசிக்கொண்டுதான் போகிறது.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. நவம்பரில் சென்னை சர்வீஸ் ஆரம்பம். 2020 மார்ச்சில் கொரோனா வந்து நிறுத்தியது. 2022 டிசம்பரில் மறுபடி பறந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் இந்த ரூட்டுக்கு வந்தது. பயணம் சுமார் ஒன்றேகால் மணி. இரண்டு நாட்டிலும் ஒரே நேரம், வாட்சைக்கூடத் திருப்ப வேண்டாம்.

நம்ம ஆளுங்க அதுக்கும் அலுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னாலேயே ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும். அதற்கும் முன்னால் தி.நகரை விட்டு வெளியே வர ஒரு மணி நேரம். “ஒண்ணேகால் மணி பயணத்துக்கு நாலு மணி நேரமா?” என்று கியூவில் யாராவது முணுமுணுத்தால், மெதுவாகச் சொல்லுங்கள்...

“இந்த ஒண்ணேகால் மணிக்காகச் சில பேர் முப்பது வருஷத்துக்கு மேல காத்திருந்தாங்க ஸார்!”