ஏழை யார் என்று கோடு கிழிப்பது யார்?

ஒரு மனிதன் நாளொன்றுக்கு எத்தனை ரூபாயில் வாழலாம்? 2011 செப்டம்பரில் அன்றைய திட்டக் கமிஷன் சுப்ரீம் கோர்ட்டில் இதற்கு விடை சொன்னது: பட்டணத்தில் 32 ரூபாய், கிராமத்தில் 26 ரூபாய். சோறு, வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் இதற்குள் அடக்கமாம். இதற்கு மேல் செலவழிப்பவன் ஏழையல்லவாம்!

நாடே கொதித்தது. ஆனால் இந்தக் கணக்கு ஒரே நாளில் போட்டதல்ல. அதன் கதையை உழைப்பாளி மக்கள் அறிவது அவசியம்.

1979-ல் திட்டக் கமிஷனின் நிபுணர் குழு, நாளொன்றுக்குத் தலைக்குக் கிராமத்தில் 2400 கலோரி, பட்டணத்தில் 2100 கலோரி உணவு வேண்டும் என்று அளவு வைத்தது. அவ்வளவு உண்ணும் குடும்பங்களின் செலவு, 1973-74 விலைவாசிப்படி, தலைக்கு மாதம் கிராமத்தில் சுமார் 49 ரூபாய், பட்டணத்தில் சுமார் 57 ரூபாய். இதுவே வறுமைக் கோடாயிற்று. பிறகு விலைவாசிக்குத் தக்கபடி தொகையை மட்டும் ஏற்றிக்கொண்டே வந்தார்கள். அந்தக் காசில் 2400 கலோரி கிடைக்கிறதா என்று பார்க்கவில்லை. கிடைக்கவில்லை என்பதைப் பொருளாதார அறிஞர் உத்சா பட்நாயக் சர்க்காரின் புள்ளிவிவரங்களைக் கொண்டே அம்பலப்படுத்தினார். 2009-ல் டெண்டுல்கர் கமிட்டியோ கலோரி அளவையே கைவிட்டது. வயிறு நிறையவில்லை என்றதும் அளவுகோலை மாற்றிவிட்டார்கள்!

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 1997-ல் மத்திய சர்க்கார் இந்தக் கோட்டை வைத்துத்தான் ரேஷனை இரண்டாகப் பிளந்தது. கோட்டுக்குக் கீழே இருப்பவனுக்கு ஒரு விலை, மேலே இருப்பவனுக்கு வேறு விலை. விளைவு என்ன? 2004-05 தேசிய மாதிரி ஆய்வின் விவரங்களை ஆராய்ந்தவர்கள், கிராமத்து ஏழைக் குடும்பங்களில் ஏறக்குறையப் பாதிக்கு ஏழை அட்டையே இல்லை என்று கண்டார்கள். வசதி படைத்த பலர் கையில் அந்த அட்டை இருந்தது. கூலிக்காரன் வெறுங்கையோடு நின்றான்.

தமிழ்நாடு இந்தப் பிளவை ஏற்கவில்லை. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம், கிராமத்தில் 75 சதவிகிதம், பட்டணத்தில் 50 சதவிகிதம் மக்களுக்கு மேல் இல்லை என்று வரம்பு கட்டியது. 2016 நவம்பரில் அச்சட்டத்தில் சேர்ந்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் ரேஷன் என்பதை விடவில்லை. இங்கே ரேஷன் அரிசி வெளியே கடத்தப்படுவது மற்றப் பல மாநிலங்களைவிடக் குறைவு என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. காரணம் எளிது. எல்லோரும் நிற்கும் வரிசையில் எடை குறைந்தால் ஊரே கேட்கும். ஏழை மட்டும் நிற்கும் வரிசையில் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

ஏழைக்கு இத்தனை கண்டிப்பாகக் கோடு கிழித்த கைகள், பணக்காரனுக்கு எந்தக் கோடும் கிழிக்கவில்லை. வாரிசுச் சொத்தின் மீதான எஸ்டேட் வரி 1985-ல் ஒழிந்தது. சொத்து வரி 2015-ல் ஒழிந்தது. 2022-23-ல் நாட்டின் சொத்தில் 40 சதவிகிதம் உச்சியிலுள்ள நூற்றுக்கு ஒருவரிடம் குவிந்திருந்தது என்று உலக ஏற்றத்தாழ்வு ஆய்வகத்தின் 2024 அறிக்கை மதிப்பிடுகிறது. எல்லோருக்கும் ரேஷன் கொடுக்கப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

ஆராய்ச்சி வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சரியான கணக்கு உழைப்பவனுக்குத்தான் முதலில் தேவை. 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வின் முடிவுகளை 2019-ல் வெளியிட மறுத்தது மத்திய சர்க்கார்தான், மக்கள் அல்ல.

நமது கோரிக்கை தெளிவானது. ரேஷன் எல்லோருக்கும் வேண்டும். வரி உச்சியில் இருப்பவனிடம் வசூலாக வேண்டும். எந்த ஊரில் எந்தக் குடும்பத்தின் பெயர் அட்டையிலிருந்து வெட்டப்பட்டாலும், அதை அந்த ஒரு குடும்பத்தின் துன்பமாக விட்டுவிடக்கூடாது. ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் தங்கள் பிரச்னையாக அதைக் கையிலெடுக்க வேண்டும்.