தபாலில் போகும் தாத்தாவின் வாட்ச்

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக் கிராமங்களில் பழைய பீரோவின் உள்லாக்கரைத் திறந்தால் பத்திரம், ரேஷன் கார்டு, நாலைந்து பழைய போட்டோக்களோடு பல வீடுகளில் ஒரு கைக்கடிகாரமும் கிடக்கும். மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் கட்டிய எச்.எம்.டி., மழை இல்லாத கரிசல் காட்டை நம்ப முடியாமல் வளைகுடாவுக்குப் போன மாமா கொண்டு வந்த சீக்கோ, கல்யாணத்துக்கு மாமனார் வீட்டில் போட்ட டைட்டன் என்று ஏதாவது ஒன்று. தறிச் சத்தத்துக்கு நடுவே ஓடி முடித்து இப்போது சும்மா கிடக்கிற வாட்ச்!

இப்போது அந்த வாட்சுகளுக்குத் திடீரென்று மவுசு வந்துவிட்டது. சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டோடு 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. நஷ்டம் தாங்காமல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூடிவிட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்தது. மூடப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஜனதாவையும் பைலட்டையும் கோஹினூரையும் தேடி அலைய ஆரம்பித்தார்கள். (இருக்கும்போது அருமை தெரியாது என்பது வாட்சுக்கும் பொருந்தும் போல.) சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கிற பேரன் ஊருக்கு போன் போட்டு, "அந்தச் சாவி கொடுக்குற வாட்ச ஒரு டப்பாவுல போட்டு அனுப்பி விடுங்க தாத்தா" என்கிறான். தாத்தாவும் பேரனுக்காக மாத்திரை டப்பாவில் பஞ்சை வைத்து, வாட்சை வைத்து, மேலே பழுப்புத் தாளைச் சுற்றி, தபால் ஆபீசுக்குக் கிளம்பிவிடுகிறார்.

பிரச்சினை ஆரம்பிப்பது இங்கேதான். அந்த டப்பா தொலைந்தால் என்ன கிடைக்கும்?

"ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினால் பயமில்லை" என்பது நம் ஊர்ப்பக்கம் தலைமுறை தலைமுறையாக இருந்த நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. பதிவுத் தபால் என்பது அனுப்பியதற்கும் சேர்ந்ததற்கும் சாட்சி, அவ்வளவே. தொலைந்தால் கிடைக்கக்கூடிய அதிகபட்ச இழப்பீடு 100 ரூபாயாக இருந்தது. அந்தப் பதிவுத் தபாலும் 2025 செப்டம்பர் 1-ஆம் தேதியோடு ஸ்பீடு போஸ்ட்டில் இணைக்கப்பட்டுவிட்டது. இப்போது ஸ்பீடு போஸ்ட் அனுப்பும்போது கூடுதலாக 5 ரூபாயும் வரியும் கட்டினால் 'பதிவு' வசதி கிடைக்கும். அதாவது விலாசத்தில் இருக்கிற யாரோ ஒருவரிடம் கொடுக்காமல், பெறுபவரிடமோ அவர் அனுமதித்த ஆளிடமோதான் கொடுப்பார்கள். நல்ல வசதிதான், ஆனால் இதுவும் இன்சூரன்ஸ் கிடையாது. வெறும் ஸ்பீடு போஸ்ட் தொலைந்தால் கட்டிய கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு அல்லது 1000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். 60 ரூபாய் கட்டியிருந்தால் 120 ரூபாய். பன்னிரண்டாயிரம் ரூபாய் வாட்ச் போனாலும் அதே 120 ரூபாய்தான்.

இது என்ன அநியாயம் என்று கேட்கத் தோன்றும். சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து 1898-ஆம் வருட அஞ்சலகச் சட்டத்தின் 6-வது பிரிவு, தபால் தொலைந்தாலோ, மாறிப் போனாலோ, தாமதமானாலோ, சேதமானாலோ அரசு வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட பொறுப்பைத் தவிர வேறு பொறுப்பில்லை என்றது. ஊழியர் மோசடி செய்தார், அல்லது வேண்டுமென்றே தவறு செய்தார் என்றால்தான் அவர் மீது போக முடியும். அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டு 2023-ல் புதுச்சட்டம் கொண்டு வந்தார்கள். அது 2024 ஜூன் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயர் மாறியது, பிரிவு எண் 10 ஆனது, விலக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. தபால் நிலையம் என்பது லாரி கம்பெனி மாதிரி வாடகைக்குச் சரக்கு ஏற்றுகிற இடமல்ல, அது அரசின் பொதுப்பணி என்று உச்ச நீதிமன்றமும் 1980-லேயே சொல்லிவிட்டது. 'வேண்டுமென்றே செய்தார்' என்பதை நிரூபிக்க வேண்டிய பாடு அனுப்பியவர் தலையில். திருச்சுழியில் ஏற்றிய டப்பா எந்த ஊரில், எந்தப் பையில், யார் கையில் காணாமல் போனது என்று தாத்தா எப்படி நிரூபிப்பார்?

அப்படியானால் தனியார் கூரியர் தேவலையா? அங்கேயும் ரசீதின் பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படிக்க வேண்டும். பாரதி நிட்டிங் கம்பெனி என்ற பின்னலாடை நிறுவனம் ஜெர்மனிக்கு டி.எச்.எல். கூரியரில் அனுப்பிய ஆவணங்கள் போய்ச் சேரவில்லை. அதனால் பெரிய நஷ்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது. ரசீதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அதில் பொறுப்பு 100 டாலர்தான் என்று இருக்கிறது, ஆகவே 100 டாலர்தான்! வியாபாரம் செய்கிற கம்பெனிக்கே இந்தக் கதி. போதாததற்குப் பல கூரியர்களின் விதிகளில் நகையும் பணமும் ஏற்கப்படாத பொருட்கள். சில விதிகளில் விலையுயர்ந்த வாட்சும் அந்தப் பட்டியலில் இருக்கும். உள்ளே என்ன என்று கேட்டால் "துணிமணி" என்று சொல்லி அனுப்புகிறவர்கள் உண்டு. தொலைந்தபின் அந்தத் 'துணிமணி'க்கு உள்ள மதிப்பைத்தான் கேட்க முடியும்.

"உலகப் புகழ் பெற்ற ஹோப் வைரமே தபாலில்தான் போனது" என்று சிலர் வாதாடுவார்கள். உண்மைதான். 1958 நவம்பரில் நியூயார்க் நகை வியாபாரி ஹாரி வின்ஸ்டன் அந்த வைரத்தைப் பழுப்புத் தாளில் சுற்றி, வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் பதிவுத் தபாலில்தான் அனுப்பினார். பத்திரமாகப் போயும் சேர்ந்தது. ஆனால் இந்தக் கதையில் எல்லோரும் விட்டுவிடுகிற கணக்கு ஒன்று இருக்கிறது. அவர் கட்டிய மொத்தப் பணம் 145.29 டாலர். அதில் தபால் தலைக்கு 2.44 டாலர்தான். மிச்சமெல்லாம் பத்து லட்சம் டாலருக்கு இன்சூரன்ஸ்! தபாலை நம்பி வைரத்தை அனுப்பினார் என்று சொல்வதைவிட, இன்சூரன்ஸை நம்பி அனுப்பினார் என்று சொல்வதுதான் சரி.

நம் தபால் நிலையத்திலும் இன்சூர் செய்யலாம், ஒரு லட்சம் ரூபாய் வரை. பலருக்கும் இது தெரியாது. கவுண்டரில் இருப்பவரும் தானாகச் சொல்வது அபூர்வம். எடை போட்டு ஸ்டிக்கர் ஒட்டுகிற நேரத்தில் "உள்ளே விலை உள்ள பொருள் இருக்கா, இன்சூர் பண்ணணுமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பதை ஏன் கட்டாயமாக்கக் கூடாது? பொறுப்பில்லை என்று சட்டம் போட்டுக்கொள்ளும் அரசாங்கம், பொறுப்பில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லவாவது வேண்டாமா? சில மணி நேரமே திறந்திருக்கும் கிராமத்துக் கிளை அஞ்சலகத்தில் பெரிய தொகைக்கு இன்சூர் செய்வது நடக்காத காரியம். அருப்புக்கோட்டை மாதிரி ஊருக்கு பஸ் ஏறித்தான் வர வேண்டும். யாருக்குப் பாதுகாப்பு அதிகம் தேவையோ அவருக்கே அது தூரத்தில் இருக்கிறது.

இன்சூர் செய்தாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. பொருளின் உண்மையான மதிப்புக்கு மேல் இழப்பீடு கிடையாது. புது வாட்ச் என்றால் பில் இருக்கும். நாற்பது வருடத்துக்கு முந்தைய எச்.எம்.டி.க்குப் பில்லுக்கு எங்கே போவது? வாட்ச் கடைக்காரர் ஒருவரிடம் மாடல், பின்மூடியில் உள்ள எண், இன்றைய மதிப்பு எல்லாம் எழுதி ஒரு சீட்டு வாங்கிக்கொள்வதும், அனுப்புமுன் முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொள்வதும் தான் ஓரளவுக்கு வழி. தாத்தாவுக்கு அதன் மதிப்பு வேறு, அதை எந்தச் சீட்டிலும் எழுத முடியாது.

தொலைவது ஒரு பக்கம், உடைவது இன்னொரு பக்கம். சாவி கொடுக்கும் வாட்சுக்குள்ளே ஆடுகிற பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு நுனி தலைமுடி மாதிரி மெல்லியது. பார்சல் பையைத் தூக்கி வீசினால் கண்ணாடி கீறாமலே உள்ளே அது ஒடிந்து போகும். செயினின் கொக்கி பின்மூடியில் உரசிக் கோடு போடும். அதனால் செயினுக்கும் பின்மூடிக்கும் நடுவில் மெல்லிய துணியைச் சுருட்டி வைத்து, சின்ன டப்பாவுக்குள் அசையாமல் அடைத்து, அந்த டப்பாவைப் பெரிய அட்டைப்பெட்டிக்குள் நாலு பக்கமும் பஞ்சோ கசக்கிய பேப்பரோ வைத்து அனுப்ப வேண்டும். காதில் வைத்துக் குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. மாத்திரை டப்பா இதற்கு லாயக்கில்லை.

முன்பின் தெரியாதவரிடம் வாங்குகிறவர்களின் கதை தனி. 1877-லிருந்து நம் நாட்டில் இருந்து வரும் வி.பி.பி. முறையில் பணத்தைக் கட்டிய பிறகுதான் பார்சல் கைக்கு வரும். வாட்சுக்குப் பதில் செங்கல் துண்டு வந்த கதைகள் நம் தாத்தாக்கள் காலத்திலேயே உண்டு. இப்போது செங்கல் வருவதில்லை, வேறு மாடலின் முகப்பும் கள்ள முள்ளும் போட்டு ஒட்டுப்போட்ட வாட்ச் வருகிறது. இதில் இன்னொரு கண்ணி: 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 39-வது பிரிவின்படி, அனுப்பச் சொல்லி வாங்குபவர் கேட்டிருந்தால், விற்பவர் பார்சல்காரரிடம் ஒப்படைத்ததே வாங்குபவரிடம் ஒப்படைத்ததாக எடுத்துக்கொள்ளப்படும். பொருளின் தன்மைக்கு ஏற்ற ஏற்பாட்டோடு அனுப்பவில்லை என்று காட்டினால்தான் வாங்குபவர் தப்பிக்கலாம். ஆகவே "இன்சூர் செய்துதான் அனுப்ப வேண்டும்" என்று பணம் அனுப்புமுன்பே எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது. வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்.

வளைகுடாவிலிருந்து தபாலில் அனுப்பலாமா என்று யோசிப்பவர்களுக்கு: அன்பளிப்பு என்று எழுதினால் 5000 ரூபாய் வரை வரி இல்லாமல் வந்த சலுகை 2019 டிசம்பரில் போய்விட்டது. வழியில் தொலைந்தால், சர்வதேசப் பதிவுத் தபாலுக்கு 30 எஸ்.டி.ஆர்., அதாவது ஏறக்குறைய 40 டாலர்தான் இழப்பீடு. லீவில் ஊருக்கு வருகிற அண்ணன் கையில் கட்டிக்கொண்டு வருவதே உத்தமம்.

பெறும் இடத்திலும் கவனம் வேண்டும். இன்சூர் செய்த பார்சலின் அரக்கு முத்திரை உடைந்திருந்தாலோ, எடை குறைந்திருந்தாலோ கையெழுத்துப் போடக் கூடாது. தபால்காரர் அவசரப்பட்டாலும் பரவாயில்லை. போஸ்ட்மாஸ்டர் முன்னிலையில் திறந்து தரும்படி கேட்கலாம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வாதாடினால் எடுபடாது.

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை சுமார் 50 கிலோமீட்டர். வாட்ச் ரிப்பேருக்கு மதுரை போக வேண்டும் என்றால் தபாலோ கூரியரோ தேவையே இல்லை, யாராவது ஒருவர் அந்தப் பக்கம் போய்க்கொண்டுதான் இருப்பார். பெங்களூர்ப் பேரனும் பொங்கலுக்கு வரத்தானே போகிறான்! அதுவரை அந்த வாட்ச் பீரோவிலேயே இருக்கட்டும். வாரத்துக்கு ஒருமுறை சாவி கொடுக்க மட்டும் தாத்தாவிடம் சொல்லி வைக்கலாம்.