முருங்கப்பட்டிக்குப் பிறகும் விழிக்கவில்லையா?

2016 டிசம்பர் 1 அன்று, நம் திருச்சி மாவட்டம் துறையூர் அருகே முருங்கப்பட்டி வெடிமருந்து ஆலையில் நேர்ந்த வெடிப்பு 19 தொழிலாளர்களைப் பலிகொண்டது. கட்டடம் கற்குவியலானது.

வெடிப்பின் அழுத்தம் சில மில்லி விநாடிகளே நீடிக்கும். ஆனால், வழக்கமான கட்டுமானக் கணக்கு அதற்கு ஈடுகொடுக்காது. பாரத்தைத் தாங்குவதற்காகத் தளத்தின் நடுப்பகுதியில் கம்பியை அடியில் வைக்கிறோம். வெடிப்போ தளத்தைக் கீழிருந்து மேலே தூக்குகிறது. மேற்புறமும் கம்பி இல்லாவிட்டால் தளம் பிளந்துவிடும். ரிங்குகளை நெருக்கமாகக் கட்டாத தூண் ஒன்று முறிந்தாலே அடுத்தடுத்த மாடிகள் சரியலாம். எல்லாவற்றையும்விடப் பெரிய காவல், இடைவெளி. மருந்து எட்டு மடங்கானால், அதே பாதுகாப்புக்கு இரு மடங்கு தூரம் தேவை. ஆலைக்குள் இடத்தைச் சுருக்குவது உயிரைச் சுருக்குவதுதான்.

இவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. வெடிப்பைத் தாங்கும் கட்டடங்களுக்கான ஐஎஸ் 4991 இந்தியத் தரநெறி 1968-லேயே வந்துவிட்டது. சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது.

ஆலைகளோடு இது முடியவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கு லட்சக்கணக்கானோர் கூடும் ஸ்ரீரங்கத்தில், ஒரு கேஸ் சிலிண்டர் வெடித்தால்கூடச் சாதாரணக் கண்ணாடி முகப்பு கத்திகளாகச் சிதறும். உடைந்தாலும் சிதறாத அடுக்குக் கண்ணாடியைப் புதிய விடுதிகளுக்கு மாநகராட்சி கட்டாயமாக்க வேண்டும். மாவட்டத்தின் வெடிமருந்து ஆலைகள் ஒவ்வொன்றிலும் கட்டடங்களுக்கு இடையிலான தூரத்தை அதிகாரிகள் நேரில் அளந்து, அந்த அளவை மக்கள் முன் வைக்க வேண்டும்.