கழுத்துல குத்துற ஊசிக்குக் கண்ணு வேண்டாமா?

போர் போட தேங்காய் வச்சு நீரோட்டம் பார்க்கிறோம்னு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறவங்க நீங்க. ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான் நடக்குதுன்னு சொன்னா நம்புவீங்களா?

பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். கிட்னி போய் அவசரமா டயாலிசிஸ் செய்ய வேண்டிய நிலை. கையில் பிஸ்டுலா போட்டால் அது தயாராக வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கழுத்து நரம்பில் குழாய் சொருகணும். பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் விரலால் தடவிப் பார்த்துக் குத்தினார்கள். மூணாவது குத்து பக்கத்துக் குழாயில் பட்டு, கழுத்து பந்து மாதிரி வீங்கிடுச்சு. ராத்திரியோட ராத்திரியா பெரிய ஊருக்குத் தூக்கிட்டு ஓடினோம்.

அங்கே ஸ்கேன் வச்சுப் பார்த்து மறுபக்கம் ஒரே குத்து. டாக்டரம்மா பிறகு விளக்கினார்: "கருவியை லேசா அமுக்கினா வெயின் நசுங்கும், ஆர்ட்டரி நசுங்காமத் துடிக்கும். ஊசி போறதையும் திரையில பார்க்கலாம்." இவ்வளவுதான் சங்கதி. கழுத்தில் குழாய் போட ஸ்கேன் பார்த்துப் போடுறதே நல்லதுன்னு இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2002-லேயே சொல்லியாச்சு.

முதல் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் மிஷின் இல்லையா? இருக்கு, கர்ப்பிணிகளைப் பார்க்கிற அறையில். "அதை வெளியே எடுத்தா சட்டச் சிக்கல்" என்றார்கள்.

அந்தச் சட்டம் எதுக்கு வந்ததுன்னு எனக்குத் தெரியும். வயித்துல இருக்கிறது பொண்ணான்னு பார்த்துக் கலைச்ச பாவத்துக்காக 1994-ல் போட்டது. உசிலம்பட்டியும் சேலமும் பேர் கெட்ட மாநிலம் நம்மது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் இங்கேதானே வந்தது? அதனால அந்தச் சட்டம் இருக்கணும், ஒரு சொட்டும் தளரக் கூடாது.

ஆனா அதைச் சாக்காச் சொல்லாதீங்க. கையில் தூக்கிப் போகிற மிஷினைப் பதிவு பண்ணின ஆஸ்பத்திரிக்குள்ளேயே உள்நோயாளிகளுக்குப் பயன்படுத்த 2012-ல் வந்த விதியே இடம் கொடுக்குது. தடுக்கிறது சட்டம் இல்லை. பதிவேடு எழுதுற சோம்பலும், அதிகாரி வருவாரோங்கிற பயமும்தான். அந்தப் பயத்துக்கு விலை எங்க அண்ணன் கழுத்தா?

டயாலிசிஸ் நடத்துற ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் அதுக்குன்னு ஒரு மிஷின் வாங்கிப் பதிவு பண்ணட்டும். சின்ன டாக்டர்களுக்கும் பழக்கிக் கொடுக்கட்டும்.

உங்களுக்கும் ஊர்ல அப்பா, சித்தப்பா இருப்பாங்க. கழுத்துல குழாய் போடணும்னு போன் வந்தா, பணம் அனுப்புறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "ஸ்கேன் பார்த்துத்தானே போடுறீங்க?" நாங்க கேட்டா அதட்டுவாங்க. நீங்க கேட்டா பதில் சொல்லித்தான் ஆகணும்.