கல்யாணம் ஜப்பான் போனான், குடும்பம் போகவில்லை!

தீபாவளி என்றால் எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பட்டாசு. தஞ்சைச் சீமையில் நாலாவதாக ஒன்றும் உண்டு. அதுதான் சினிமா!

அதற்குக் காரணம் இருக்கிறது. குறுவை அறுவடையை ஒட்டித்தான் தீபாவளி வரும். களத்தில் நெல் விழுந்தால் கையில் காசு புழங்கும். நிலம் வைத்திருப்பவர் வீட்டுக்கும் காசு வரும். அறுத்தவர் வீட்டுக்கும் கூலி வரும். பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் கொட்டகைக்குக் கிளம்புவார்கள். பல வீடுகளில் ஆண்டுக்கு ஒரு படம், இரண்டு படம்தான். ஆகவே அது எல்லோருக்கும் பிடித்த படமாக இருக்கவேண்டும்.

1985 தீபாவளிக்கு அப்படி ஒரு படம் வந்தது. "ஜப்பானில் கல்யாணராமன்" என்பது அதன் பெயர். 1979-ல் வெற்றி பெற்ற "கல்யாணராமன்" படத்தின் இரண்டாம் பாகம் அது. தமிழில் இரண்டாம் பாகம் எடுக்கும் வழக்கத்தைத் தொடங்கிவைத்த படங்களில் அதுவும் ஒன்று.

தெத்துப்பல் கல்யாணம்

முதல் படத்தின் கதை உங்களுக்கு நினைவிருக்கும். கல்யாணம், ராமன் என்று இரட்டைப் பிள்ளைகள். இருவரும் கமல்ஹாசனே! தெத்துப்பல் கல்யாணம் சூதுவாது தெரியாதவன். அவனைக் கொன்றுவிடுகிறார்கள். ஆவியாக வந்து தம்பியின் துணையோடு பழி வாங்குகிறான்.

பேய்க் கதைதான். ஆனால் குழந்தைகள் பயப்படவில்லை, சிரித்தார்கள். பெரியவர்கள் கல்யாணத்துக்காகக் கண்கலங்கினார்கள். ஸ்ரீதேவி, தேங்காய் சீனிவாசன், வி.கே.ராமசாமி என்று படம் நிறையத் தெரிந்த முகங்கள்.

இரண்டாம் பாகத்தில் நடந்தது என்ன? கமல்ஹாசன் வந்தார். பஞ்சு அருணாசலத்தின் கதை வந்தது. இளையராஜாவின் இசையும் வந்தது. ஆனால் ஸ்ரீதேவி வரவில்லை, ராதா வந்தார். சத்யராஜும் கவுண்டமணியும் புதிதாகச் சேர்ந்தார்கள். முன்பு ஜி.என்.ரங்கராஜன் டைரக்டர், இப்போது எஸ்.பி.முத்துராமன்.

ஜப்பானில் சுகுபா நகரத்து உலகப் பொருட்காட்சிக்கே போய்ப் படம் பிடித்தார்கள். கொள்ளிடத்தைத் தாண்டாதவர்கள்கூடக் கொட்டகையில் உட்கார்ந்து ஜப்பானைப் பார்த்தார்கள். அது பெரிய காரியம்தான். ஆனாலும் முதல் படத்துக்குக் கிடைத்த பெயர் இதற்குக் கிடைக்கவில்லை.

ஊர் மாறலாம்

அமெரிக்காவில் நம் தீபாவளி மாதிரி கிறிஸ்துமஸுக்குக் குடும்பப் படம் பார்ப்பார்கள். 1990-ல் "ஹோம் அலோன்" வந்தது. வீட்டில் தனியே விடப்பட்ட சிறுவன் திருடர்களை விரட்டும் கதை. 1992-ல் அதன் இரண்டாம் பாகம் வந்தது. அதிலும் கதை வேறு ஊருக்குப் போனது. சிகாகோ பக்கத்துப் பையன் நியூயார்க்கில் தொலைந்துபோகிறான்.

ஆனால் அதே சிறுவன் மெக்காலே கல்கின்! அதே தாய்! அதே இரண்டு திருடர்கள்! டைரக்டரும் அதே கிறிஸ் கொலம்பஸ்தான். ஊர் மாறியது; உறவு மாறவில்லை. அதனால்தான் கிறிஸ்துமஸ் வந்தால் இன்றும் அதை டெலிவிஷனில் பார்க்கிறார்கள்.

நம் பக்கத்திலும் சாட்சி உண்டு. ஜப்பான் படத்தில் வில்லனாக வந்த சத்யராஜ், 2015-ல் "பாகுபலி"யில் கட்டப்பாவாக வந்தார். 2017-ல் இரண்டாம் பாகம் வந்தபோது பிரபாஸ், ராணா, ரம்யா கிருஷ்ணன், கட்டப்பா என்று அந்த அரண்மனைக் குடும்பமே திரும்பி வந்தது. ஜனங்களும் திரண்டு வந்தார்கள்.

இதிலிருந்து தெரிவது என்ன? இரண்டாம் பாகத்துக்கு ஜனங்கள் வருவது புது ஊரைப் பார்க்க அல்ல. தங்களுக்குப் பழக்கமானவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்கத்தான்! கல்யாண வீட்டுக்குப் போகிறோம். மாப்பிள்ளை மட்டும் இருக்கிறார், மாமனையும் அத்தையையும் காணோம் என்றால் மனசு நிறையுமா?

குடும்பத்தோடு சினிமாவுக்குப் போக இன்று ஆகும் செலவு கொஞ்சமல்ல. வெயிலிலும் சேற்றிலும் நின்று சம்பாதித்த காசு அது. படம் எடுப்பவர்களே! "இரண்டு" என்று பெயருக்குப் பின்னால் ஒரு எண்ணைப் போட்டு அந்தக் காசைக் கேட்காதீர்கள். பாட்டிக்குத் தெரிந்த முகங்களையும் பேரன் சிரிக்கும் கதையையும் கொண்டுவாருங்கள். தஞ்சைச் சீமை குடும்பத்தோடு வந்து பார்க்கும்!