வளைகாப்புச் சீரோடு போக வேண்டிய ஒரு தாள்

உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்தில் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. இரண்டு கையிலும் வளையல் குலுங்க ஒரு கர்ப்பிணிப் பெண். பக்கத்தில் அவளுடைய அம்மா. காலடியில் இரண்டு கட்டைப்பை. சென்னை–திருச்சி சாலையில் இருந்து சேலம் சாலை பிரிகிற ஊர் அல்லவா? விழுப்புரம், விருத்தாசலம், கள்ளக்குறிச்சி என்று எந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தாலும் தாய்வீட்டுக்குப் போக இங்கே பஸ் மாறுகிறவர்கள் பலர்.

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்துப் போவது காலங்காலமாக நடக்கிற வழக்கம். அந்தக் கட்டைப்பையில் புடவை இருக்கும், பலகாரம் இருக்கும். ஆனால் மூன்றாம் மாதம் எடுத்த முதல் ஸ்கேன் தாள்? அது பெரும்பாலும் மாமியார் வீட்டு பீரோவிலேயே தங்கிவிடும்! "அங்க போயி புதுசா எடுக்கத்தானே போறாங்க, பழச எதுக்குடி தூக்கிட்டுப் போற?" என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

அந்தப் பழைய தாள் இல்லாவிட்டால் புதிய தாளுக்குப் பாதி மதிப்புதான் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கடைசி மூன்று மாதத்தில் எடுக்கும் ஸ்கேனை வளர்ச்சி ஸ்கேன் என்கிறார்கள். இதில் குழந்தையை யாரும் தராசில் வைத்து நிறுப்பதில்லை. தலையின் குறுக்களவு, தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகிய நான்கையும் அளந்து, ஒரு சூத்திரத்தில் போட்டு எடையைக் கணக்கிடுகிறது இயந்திரம். பல இடங்களில் பயன்படுவது அமெரிக்க மருத்துவர் ஃபிராங்க் ஹாட்லாக் 1985இல் வெளியிட்ட சூத்திரம். இந்தக் கணக்கில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்பின் இருப்பது சாதாரணம். அதாவது, தாளில் 2.5 கிலோ என்று இருந்தால் உண்மையில் அது 2.1 கிலோவாகவும் இருக்கலாம், 2.9 கிலோவாகவும் இருக்கலாம். வயிற்றுச் சுற்றளவைச் சரியான இடத்தில் எடுக்காவிட்டாலோ, கருவியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலோ எடை மாறிவிடும்.

ஆனாலும் எடையில் வரும் இந்தப் பிழையை விடப் பெரிய ஆபத்து வேறொன்று. அதே தாளில் "இத்தனை வாரம்" என்றும், "பிரசவத் தேதி இது" என்றும் அச்சாகி வரும் இரண்டு வரிகள்தான் அது!

இயந்திரத்துக்கு அந்தப் பெண் எப்போது கருவுற்றாள் என்று தெரியாது. "இந்த அளவில் இருக்கும் குழந்தைக்குச் சராசரியாக எத்தனை வாரம் இருக்கும்?" என்று மட்டும்தான் அது கணக்குப் போடுகிறது. முதல் மூன்று மாதத்தில் இந்தக் கணக்கு நன்றாகவே பலிக்கும். ஏனென்றால் அப்போது எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கின்றன. பிழை வந்தாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கும். எட்டாம், ஒன்பதாம் மாதத்தில் அப்படியில்லை. ஒரு குழந்தை பெருத்திருக்கும், இன்னொன்று சிறுத்திருக்கும். பிழை மூன்று வாரம் வரை போகும்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பெண்ணுக்கு முதல் ஸ்கேன்படி இன்று 36 வாரம். குழந்தையின் எடை 2.1 கிலோ என்று வருகிறது. 36 வாரத்துக்கு அது குறைவு. உடனே கவனிக்க வேண்டிய நிலை. ஆனால் முதல் ஸ்கேன் தாள் கையில் இல்லை. புதிய தாளில் "33 வாரம்" என்று அச்சாகியிருக்கிறது. 33 வாரத்துக்கு 2.1 கிலோ என்பது சரியான எடைதானே! "நாள் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு, அவ்வளவுதான்" என்று எல்லோரும் நிம்மதியாக வீடு திரும்புவார்கள். வளர்ச்சி குன்றிய குழந்தை ஒரே நொடியில் ஆரோக்கியமான குழந்தை ஆகிவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் மாறவில்லை. தேதிதான் மாறியது!

குழந்தைக்கு உள்ளே என்ன நடக்கிறது? நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாதபோது கிடைக்கிற கொஞ்சம் ரத்தத்தையும் குழந்தை மூளைக்கே அனுப்பப் பார்க்கும். கல்லீரலில் சேமிப்பு குறையும். அதனால் தலை ஓரளவு வளர, வயிறு மட்டும் பின்தங்கும். அந்த நிலையில் மருத்துவர்கள் தொப்புள் கொடியிலும் குழந்தையின் மூளையிலும் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பார்கள். பனிக்குட நீரை அளப்பார்கள். எப்போது பிரசவம் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்வார்கள். கவனிக்காமல் விட்டால் சில குழந்தைகள் வயிற்றுக்குள்ளேயே இறந்துவிடும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்று பிறகு அழுது என்ன பயன்?

"எடை கம்மின்னா நல்லா சாப்பிடச் சொல்ல வேண்டியதுதானே" என்பார்கள். தாய்க்குச் சத்தான உணவு கட்டாயம் வேண்டும், மறுப்பில்லை. ஆனால் குறை நஞ்சுக்கொடியில் இருந்தால், முட்டையும் பேரீச்சம்பழமும் மட்டும் அதைச் சரிசெய்யாது.

சரி, அப்படியானால் எல்லோரும் மாதாமாதம் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? அதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிந்துரைப்பது 24 வாரத்துக்கு முன் ஒரே ஒரு ஸ்கேன். சிக்கல் எதுவும் இல்லாத எல்லோருக்கும் கடைசி மாதங்களில் ஸ்கேன் எடுப்பதால் தாய்க்கோ சேய்க்கோ கூடுதல் நன்மை இருப்பதாக 2015இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் நிரூபணமாகவில்லை. அதே 2015இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்த ஆய்வோ, எல்லோருக்கும் எடுத்தபோது சிறிய குழந்தைகளைக் கண்டுபிடிப்பது 20 சதவீதத்தில் இருந்து 57 சதவீதமாக உயர்ந்தது என்றது. விவாதம் முடியவில்லை. ஆனால் ஸ்கேனின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் சரி, குறைத்தாலும் சரி, தேதி தவறாக இருந்தால் எடுத்த ஸ்கேன் வீண் என்பதில் விவாதமே கிடையாது.

செலவில்லாத ஒரு கருவியும் இருக்கிறது. அது வெறும் அளவு நாடா! 24 முதல் 36 வாரம் வரை கர்ப்பப்பையின் உயரம் சென்டிமீட்டரில் ஏறக்குறைய வாரக் கணக்குக்குச் சமமாக இருக்கும். கிராம சுகாதார செவிலியர் ஒவ்வொரு முறையும் அளந்து அட்டையில் எழுதிவந்தாலே யாருக்கு ஸ்கேன் அவசியம் என்பது தெரிய ஆரம்பிக்கும். ஆனால் அந்த நாடாவுக்கும் சரியான வாரக் கணக்கு வேண்டும். மறுபடியும் முதல் ஸ்கேன் தாளுக்கே வந்து நிற்கிறோம்.

கல்வராயன் மலைக் கிராமங்களில் நிலைமை இன்னும் கடினம். ஸ்கேன் எடுக்க மலையிலிருந்து இறங்கி வர ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. முதல் ஸ்கேனே ஏழாம் மாதம் என்றால் தேதியை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவர்களுக்கு மூன்று வார இடைவெளியில் இரண்டு ஸ்கேன் எடுத்து, இடையில் எவ்வளவு வளர்ந்தது என்று பார்ப்பதுதான் வழி. மூன்றாம் மாதத்திலேயே அவர்களுக்கு ஒரு ஸ்கேன் கிடைக்கச் செய்வது அதைவிட நல்ல வழி. கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமானது. 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. மூன்றாம் மாத ஸ்கேன் மலைக்கு மேலே போய்ச் சேருவதுதான் அடுத்த படியாக இருக்க வேண்டும்.

ஸ்கேன் மையங்களும் ஒன்று செய்யலாம். கடைசி மாதத் தாளில் புதிதாக ஒரு பிரசவத் தேதியை அச்சிடாமல், "முதல் ஸ்கேன்படி இன்று இத்தனை வாரம், அந்த வாரத்துக்கு இந்த எடை சரி அல்லது குறைவு" என்று எழுதிக் கொடுக்கலாம். முதல் தாள் இல்லையென்றால் "தேதி உறுதியில்லை" என்று எழுதலாம். இதற்குப் புது இயந்திரம் வேண்டாம், பேனா போதும்!

குடும்பத்தினர் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். ஸ்கேன் அறையை விட்டு வெளியே வந்ததும் "எத்தனை கிலோ?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "போன தடவையிலிருந்து எவ்வளவு வளர்ந்திருக்கு?" என்றும் கேளுங்கள். குழந்தையின் அசைவு குறைந்தால் ஸ்கேன் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

வளைகாப்பு முடிந்து பெண்ணை அனுப்பும்போது ஐந்து வகைச் சாதத்தையும் கட்டிக் கொடுக்கிறார்கள். அதோடு அந்த முதல் ஸ்கேன் தாளையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்துவிட்டால் என்ன? ஒரு தாளின் எடை என்ன பெரிய எடை! ஆனால் பிறக்கப்போகும் குழந்தையின் எடையைச் சரியாகச் சொல்ல அந்தத் தாள்தான் வேண்டும்.